ஒரு நாளில் குழு நடத்துநர் உருவாக மாட்டார்

சீர்திருத்தக் குழுக்களுக்கான பயிற்சியைத் தீர்மானிக்கும் மேலதிகாரிகளின் கவனத்துக்கு,

உங்கள் சுற்றுநிருபம் போன கிழமை கைக்கு வந்தது. நீதிமன்றக் கட்டளையின் பேரில் வருகிறவர்களுக்கு அறிவாற்றல் நடத்தை முறையில், அதாவது எண்ணத்தைக் கவனித்து மாற்றுவதன் மூலம் நடத்தையை மாற்றும் முறையில், குழு நடத்துகிறவர்களுக்கான பயிற்சி, இந்த வருடம் ஐந்து நாளில் இருந்து ஒரு நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு நாளும் மலையை விட்டு இறங்கிப் போகவேண்டிய இடத்தில், சிங்களத்தில். தமிழில் குழு நடத்துகிறவர்களுக்குக் கையேட்டின் தமிழ்ப் பிரதி 'பின்னர் அனுப்பி வைக்கப்படும்'. விண்ணப்பிக்கிறவர் கட்டாயம் பட்டதாரியாக இருக்க வேண்டும். பயிற்சி முடிந்த பிறகு, பயிற்சி தந்த வளவாளர் ஒருவர் வந்து எங்கள் குழுவில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. விசாரித்துப் பார்த்தேன். "அது இனி இல்லை மிஸ்" என்று சொல்லிவிட்டார்கள்.

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் குழு நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் ஐந்து நாள் பயிற்சியை முடித்தவள். அதில் என்ன கிடைத்தது என்று தெரிந்தவள் என்பதால்தான் இந்தத் தீர்மானத்தைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தனியாக எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் வந்த பிறகு, சிறைக்கு அனுப்பியிருக்கக்கூடிய ஒருவரை ஊருக்குள்ளேயே வைத்துத் திருத்தும்படி நீதவான் கட்டளை போடலாம். சம்பளமில்லாத பொது வேலை, ஆலோசனை, நிகழ்ச்சித்திட்டம் என்று அந்தக் கட்டளையில் நிபந்தனைகள் இருக்கும். கள்ளச்சாராயமான கசிப்போடு பிடிபட்டவர், தேர்த் திருவிழாவில் கைகலப்பில் மாட்டியவர், பொக்கெட்டில் கஞ்சாச் சுருளோடு பஸ்ஸில் அகப்பட்ட பையன், இப்போது ஐஸ் போதைப்பொருள் பழகிக்கொண்டு கொழும்பில் இருந்து திரும்பி வந்தவன், இவர்கள்தான் எங்களிடம் வருகிறவர்கள். அந்த ஆள் போய் உட்காரப்போகிற அறையில் உருப்படியாக ஏதோ நடக்கும் என்று நம்பித்தான் நீதவான் கையெழுத்துப் போடுகிறார். அந்த அறையில் நின்று குழு நடத்துகிற இரண்டு பேரை எப்படித் தயார் செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1950, 60களில் அமெரிக்காவில் அல்பர்ட் எல்லிஸும் ஆரன் பெக்கும் மனத்துயர் உள்ளவர்களுக்காகத் தொடங்கியதை, 1980களில் கனடாவில் ரொபர்ட் ரொஸ்ஸும் எலிசபெத் ஃபாபியானோவும் குற்றவாளிகளுக்கான குழுப் பாடமாக்கினார்கள். 1997ல் அமெரிக்க அரசின் திருத்த நிறுவனம் 'திங்கிங் ஃபோர் எ சேஞ்ச்' என்ற பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் 25 பாடங்கள் இருக்கின்றன. குழுவில் எட்டில் இருந்து பன்னிரண்டு பேர். நடத்துவதற்கு இரண்டு பேர். மற்றவரோடு பழகும் திறன், தன் எண்ணத்தைத் தானே கவனிப்பது, பிரச்சினை தீர்ப்பது என்று மூன்று பகுதி. எங்கள் கைக்கு வந்த கையேடும் இந்த வழியில் வந்ததுதான். கையேட்டைப் படித்தால் எல்லாம் சுலபமாகத்தான் இருக்கும். படித்துவிட்டு ஆட்களுக்கு முன்னால் போய் நிற்கும்போதுதான் தெரியும்.

ஒரு விஷயத்தைக் கிட்ட இருந்து காட்டுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.

இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது வந்த சண்டையில், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரரைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டியவர். நல்லவேளை, காயம் தோளோடு போய்விட்டது. அவர் முதலில் போன குழுவை நடத்தியவர் பயிற்சி பெறாதவர், மிகவும் நல்ல மனிதர். அவர் கேட்டது: "ஏன் தம்பி வெட்டினீங்க?" இவர் சொன்னது: "கோவம் வந்திச்சு சேர்." அதற்குப் பிறகு அரை மணி நேரம் கோபம் குடியைக் கெடுக்கும், குடும்பத்தை நினைத்துப் பார், வயதான தாயை நினைத்துப் பார் என்று அறிவுரை. தம்பி தலையைக் குனிந்து எல்லாவற்றுக்கும் "சரி சேர்" சொன்னார். வரவுப் பதிவில் கையெழுத்தும் போட்டார். தலையைக் குனிந்து சரி சொல்வது எங்கள் தோட்டங்களில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்திலேயே பழகிவிடுகிற ஒன்று. அதில் எந்த மாற்றமும் நடந்திருக்காது.

அதே தம்பி பிறகு பயிற்சி பெற்ற ஒருவரின் குழுவுக்கு வந்தார். அங்கே அவரை "ஏன்" என்று யாரும் கேட்கவில்லை. "குடத்தை அவர் தள்ளினாரா? சரி. அந்த நிமிசம் உங்க தலைக்குள்ள என்ன ஓடிச்சு? அப்படியே சொல்லுங்க, நல்லது கெட்டது பார்க்க வேண்டாம்." கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. நடத்துநர் காத்திருந்தார். காத்திருப்பதும் பயிற்சியில் கற்றதுதான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 'பொம்பளைங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க.' 'இவன் வேணுமின்னுதான் செய்றான்.' 'இப்ப விட்டா நாளைக்கு லயத்துல தலை காட்ட முடியாது.' 'எங்கப்பாவையும் இவங்கதான் அடிச்சாங்க.' வெள்ளைப் பலகையில் அவர் சொன்ன சொற்களிலேயே நான்கு வரி. அதன் கீழே, உடம்பில் என்ன தெரிந்தது: காது சூடாகியது, கை நடுங்கியது. அதற்கும் கீழே, இந்த நான்கில் எதை மாற்றி நினைத்திருந்தால் கத்திக்குக் கை போயிருக்காது? இதை நடத்துநர் சொல்லவில்லை. குழுவில் இருந்த இன்னொருவர், கசிப்பு வழக்கில் வந்த ஒரு பெரியவர், "தலை காட்ட முடியாதுன்னு நெனச்சீங்களே தம்பி, இப்ப வெட்டுனதுக்கு அப்புறம் காட்ட முடிஞ்சிச்சா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பி அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி ஒருவரோடு பேசியதைப் பார்த்தேன்.

இரண்டு அறைகளுக்கும் கையேடு ஒன்றுதான். இந்தப் பயிற்சியை ஒரு நாளாகக் குறைக்கலாம் என்று தீர்மானித்தவர்கள் இந்த இரண்டு அறைகளிலும் ஒரு முறையாவது உட்கார்ந்து பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஐந்து நாள் பயிற்சியில் பாதி நேரம் நாங்கள்தான் பாடம் நடத்தினோம். மூன்றாம் நாளில் இருந்து ஆளுக்கு ஒரு பாடம். மற்றவர்கள் குழுவாக உட்கார்ந்துகொண்டு, உண்மையான குழுவில் என்னென்ன நடக்குமோ அத்தனையையும் செய்வார்கள். ஒருவர் கடைசிக் கதிரையில் தூங்குவார். ஒருவர் பாதி வெறியில் வந்தவர் மாதிரி வாசலில் நின்று பேச்சுக் கொடுப்பார். ஒருவர் எல்லாக் கேள்விக்கும் நடத்துநருக்குப் பிடித்த பதிலையே சொல்லுவார். இந்தக் கடைசி ஆளைச் சமாளிப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். எங்களோடு ஓய்வுபெற்ற ஓர் அதிபர் இருந்தார். அருமையாகப் பேசுவார். அவர் நடத்திக்கொண்டிருக்கும்போது வளவாளர் இடையில் நிறுத்தி, "சேர், ஏழு நிமிசமா நீங்கதான் பேசுறீங்க. அவங்க எப்ப பேசுறது?" என்று கேட்டார். அதிபர் ஒரு கணம் முகம் சிவந்து, அப்புறம் சிரித்துவிட்டார். அடுத்த நாள் அவர் நடத்திய பாடத்தில் அவர் பேசியது கொஞ்சம்தான். இன்று எங்கள் பக்கத்தில் குழு நடத்துகிறவர்களில் நான் கண்டவரை மிகத் திறமையானவர் அவர். பவர்பாயிண்ட் காட்டி முடிக்கிற ஒரு நாளில் இதை எங்கே வைப்பீர்கள்?

ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. போன தடவை கொடுத்த வீட்டுவேலையைப் பார்ப்பது, இன்றைய திறனைச் சொல்வது, நடத்துநர் இருவரும் அதை முன்னால் நடித்துக் காட்டுவது, பிறகு குழுவில் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் இருந்தே ஒரு சம்பவத்தை எடுத்து நடித்துப் பார்ப்பது, மற்றவர்கள் பார்த்ததைச் சொல்வது. நடிப்புப் பகுதியை விட்டுவிட்டால் மிஞ்சுவது வகுப்பு. பயிற்சி இல்லாத நடத்துநர் முதலில் விடுவதும் அதைத்தான். தனக்கே வெட்கமாக இருக்கும். தாமதமாகிவிட்டது என்று சொல்லிக் கடந்துவிடுவார். யாரும் வந்து பார்க்காவிட்டால் அது யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் என்று எண்ண வேண்டாம். லாண்டன்பெர்கர், லிப்ஸி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005ல் 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குழுவுக்குப் போகாதவர்களில் நூற்றுக்கு 40 பேர் மீண்டும் குற்றத்தில் மாட்டினால், போனவர்களில் 30 பேர் என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. எந்தப் பெயருள்ள பாடத்திட்டம் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. நடத்துகிறவர்களுக்குப் போதிய பயிற்சி இருந்ததா, பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று யாராவது கவனித்தார்களா, ஆட்கள் இடையில் விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டார்களா என்பதெல்லாம் வித்தியாசத்தை உண்டாக்கியது. உங்கள் சுற்றுநிருபம் வெட்டியிருப்பது சரியாக இவற்றில் முதல் இரண்டை.

ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று நடக்கட்டுமே என்றும் சொல்லப்பட்டது. அதுவும் சரியில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாலியல் குற்றவாளிகளுக்காகச் சிறைகளில் பல வருடம் நடந்த ஒரு குழுத் திட்டத்தை 2017ல் மதிப்பிட்டார்கள். போனவர்களில் நூற்றுக்கு 10 பேர் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள், போகாத அதேமாதிரி ஆட்களில் 8 பேர். அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். காரணம் என்ன என்பதில் வாதப் பிரதிவாதம் உண்டு. ஆனால் குழு என்று பெயர் வைத்துவிட்டால் அது நன்மைதான் செய்யும் என்ற எண்ணத்துக்கு அங்கே அடி விழுந்தது.

இனி மொழி. தமிழ் 1987ல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு அரசகரும மொழியானது. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். ஆகவே பயிற்சியைத் தமிழில் தருவது சட்டப்படி உங்கள் கடமை என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேலைக்குள்ளேயே இருக்கிறது. 1990ல் ஆண்ட்ரூஸ், பொண்டா, ஹோஜ் என்ற கனடா ஆய்வாளர்கள் சொன்ன மூன்று விதிகளில் ஒன்று, கற்பிக்கும் முறை ஆளுக்கும் அவர் மொழிக்கும் வாழ்க்கைக்கும் பொருந்த வேண்டும் என்பது. பீலியடியில் ஓடிய எண்ணத்தை ஒருவன் சொல்வதென்றால், அது ஓடிய பேச்சில்தான் சொல்லுவான். அதை வெளியே வரவைக்கும் கேள்வியை நாங்கள் எங்கள் பேச்சில் கேட்டுப் பழக வேண்டும். சிங்களத்தில் கேட்டுப் பழகிவிட்டு வந்து தமிழில் நடத்துங்கள் என்றால், பழகாமலே நடத்துங்கள் என்றுதான் அர்த்தம்.

கையேட்டில் வருகிற உதாரணங்களையும் பாருங்கள். கார் நிறுத்துமிடத்தில் உங்கள் இடத்தை ஒருவர் பிடித்துவிட்டார், என்ன செய்வீர்கள்? இதை வாசித்தபோது ஒரு தம்பி சொன்னார்: "மிஸ், எங்க ரோட்டுல கார் வந்தாலே அதிசயம்." அன்று குழு கலகலப்பாக இருந்தது, பாடம் போய்விட்டது. தமிழில் நடந்த பயிற்சியில் நாங்கள் இதையெல்லாம் உட்கார்ந்து மாற்றினோம். பீலி வரிசை, கூரைத் தகரம், தீபாவளி முற்பணம், பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் சத்தம். கையேட்டைத் தபாலில் அனுப்பினால் அந்த வேலை நடக்காது.

இதில் நாங்கள் கிளப்பிய ஓர் உதாரணத்தால்தான் மிகப் பெரிய விவாதமே வந்தது. நாள் முழுக்க வேலை செய்த ஒருவருக்கு, அளவு முடியவில்லை என்று அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போடுகிறார்கள். அவர் மேற்பார்வையாளரை அடித்துவிட்டார். இதை எப்படிப் பாடமாக்குவது? குழுவில் ஒருவர் நேராகவே கேட்டார்: "மிஸ், அரைப் பேர் போட்டது என் யோசனையிலயா நடந்திச்சு? அவங்க புத்தகத்துல போட்டதுதானே?" இந்த முறையைக் குறை சொல்கிற அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற கேள்வியைத்தான் அந்தத் தம்பி கேட்டார். ஏழைக்கு நடக்கிற அநியாயத்தை அவன் எண்ணத்தின் கோளாறாக்கிவிடுகிறீர்களா?

பயிற்சி இல்லாத ஒருவர் இந்த இடத்தில் இரண்டு வழியில் சறுக்குவார். ஒன்று, "பொறுத்துப் போகணும் தம்பி" என்பார். அத்தோடு அந்தக் குழுவில் அவருக்கு மரியாதை போயிற்று, தோட்ட நிர்வாகத்தின் ஆள் என்று முத்திரை விழுந்துவிடும். இல்லையென்றால் "ஆமாம், அநியாயம்தான்" என்று அவர்களோடு சேர்ந்து ஆத்திரப்பட்டு, அடித்ததற்கு நியாயம் கற்பித்துவிடுவார். சரியான வழி குறுகலானது. அரைப் பேர் போட்டது நடந்த விஷயம், அதை யாரும் மறுக்கப் போவதில்லை. அதைப் பார்த்தபோது தலைக்குள் ஓடியது வேறு. கை செய்தது இன்னும் வேறு. தொழிற்சங்கத் தலைவரிடம் போவதா, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒபிஸுக்குப் போய்க் கேட்பதா, எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதா என்று அந்தத் தம்பியே நான்கு வழி சொல்லி, ஒவ்வொன்றும் எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்து, ஒன்றை எழுந்து நின்று நடித்துப் பார்க்க வேண்டும். அவரது நியாயமான கோபத்தை அவரிடமே விட்டுவைத்து, கையை மட்டும் அவர் பொறுப்பில் எடுக்கவைக்க வேண்டும். இதை ஒருவர் செய்துகாட்டிப் பார்க்காமல் கற்க முடியாது. மலையகத்தில் இந்தக் கேள்வி எழாத குழுவே இல்லை. கீழே நடக்கிற உங்கள் ஒரு நாள் செயலமர்வில் இது எழவே எழாது.

குடும்ப வன்முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் நிகழ்ச்சி நிரலில் அதற்கு மதிய உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை போடும்போது, ஆலோசனைக்குப் போகும்படியும் நீதிமன்றம் சொல்லலாம். அப்படி வருகிற ஆண்களைக் கசிப்பு வழக்குக்காரர்களோடு ஒரே வட்டத்தில் உட்காரவைக்கிறோம். கொஞ்ச நேரத்தில் வட்டம் முழுக்க "பொம்பளை வாய் நீளம்" என்ற பேச்சாக மாறிவிடும், நடத்துகிறவருக்கு அதை எங்கே வெட்டுவது என்று தெரியாவிட்டால். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எங்கள் தோட்டங்களில் புருசன் பெண்சாதி சண்டை என்றால் தோட்டத் தலைவர் கூப்பிட்டு, இரண்டு பேரையும் நிற்கவைத்து, சேர்த்துவைத்து அனுப்புவதுதான் பழக்கம். பயிற்சி பெறாத நடத்துநர் நல்ல மனதோடு அதையே செய்வார். "அடுத்த கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு வாங்க" என்பார். அந்தப் பெண் அடித்தவன் முன்னால் என்ன பேசுவாள், பேசினால் அன்றிரவு காம்பராவுக்குள் என்ன நடக்கும்? இதை எனக்கு நேரடியாகத் தெரியும் என்பதற்கு மேல் அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்காக எதுவும் எழுத மாட்டேன்.

பட்டதாரி நிபந்தனை யாருடைய யோசனையோ தெரியாது. 'திங்கிங் ஃபோர் எ சேஞ்ச்' பிறந்த நாட்டிலேயே அதை நடத்துகிறவர்களில் பலர் சாதாரண சிறை உத்தியோகத்தர்கள், நன்னடத்தை உத்தியோகத்தர்கள். பாடத்தை ஒழுங்காக நடத்தப் பழகியவராக இருந்தால் போதும், உளவியல் பட்டம் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிற பெண்கள், அவர்களுக்கு லயத்தில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும், தெரிந்ததை வெளியே விடாமல் இருக்கவும் தெரியும். குடியை விட்டுப் பல வருடமான ஆண்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். உயர்தரம் வரை படித்துவிட்டு வேலை கிடைக்காத பிள்ளைகள். இவர்களில் எத்தனை பேர் உங்கள் விண்ணப்பப் படிவத்தின் முதல் பெட்டியைத் தாண்டுவார்கள்? தாண்டுகிறவர்கள் பட்டத்தை வைத்துக்கொண்டு அரச வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நிதி இல்லை என்பீர்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டில் யாரிடமும் நிதி இல்லை, அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் சிறைகள் கொள்ளளவுக்கு மேல் நிரம்பி வழிகின்றன என்று அரசாங்கமே சொல்லிக்கொண்டிருக்கிறது. கண்டியில் 1876ல் கட்டிய போகம்பறைச் சிறையை 2014ல் மூடி, ஆட்களைப் பல்லேகலைக்குக் கொண்டுபோனோம். புதுக் கட்டடம் கட்டப் பணம் இருந்தது. அந்தக் கட்டடத்துக்குப் போகாமல் ஒருவனை ஊரில் வைத்துத் திருத்துகிறவருக்கு நான்கு நாள் சாப்பாடும் தங்குமிடமும் பஸ் காசும் கொடுக்கப் பணம் இல்லையா? அதுவும் போக, செலவு குறைந்ததாகவும் நான் நினைக்கவில்லை. குழுவுக்கு வருகிறவர் அன்று பேர் போடாமல் வருகிறார். ஒரு நாள் சம்பளம் போகிறது. அவர் காசைச் செலவழித்து வந்து, ஒன்றும் கற்காமல் போனால், அது உங்கள் கணக்கில் வராது, அவர் வீட்டுக் கணக்கில் வரும்.

ஆகவே நான் கேட்பது இவை.

அந்தச் சுற்றுநிருபத்தை மீளப் பெறுங்கள். பயிற்சியை மறுபடியும் ஐந்து நாளாக்குங்கள், அதில் பாதியாவது நாங்கள் எழுந்து நின்று நடத்திப் பார்க்கிற நேரமாக இருக்கட்டும். ஐந்து நாளையும் ஒரே மூச்சில் வைக்க முடியாவிட்டால் இரண்டு சனி ஞாயிறும் ஒரு நாளுமாகப் பிரித்து வையுங்கள், வருவோம்.

மலையகத்தில் தமிழில் குழு நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி மலையகத்திலேயே, தமிழிலேயே நடக்கட்டும். ஹட்டனில் மண்டபங்கள் இருக்கின்றன. விடுமுறைக் காலத்தில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியைக் கேட்டுப் பாருங்கள். வளவாளர் தானே தமிழில் குழு நடத்தியவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள், பெயர்ப் பட்டியல் தர நான் தயார். கையேட்டின் உதாரணங்களைத் தோட்ட வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றுகிற வேலையை அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் குழுவில் இருப்பார்கள் என்பதையும் அப்போதே கணக்கில் எடுங்கள்.

பட்டதாரி நிபந்தனையை நீக்குங்கள். அதற்குப் பதிலாக நேர்முகத் தேர்வில் பத்து நிமிடம் ஒரு சிறு பாடத்தை நடத்தச் சொல்லுங்கள். யார் கேட்கிறார், யார் பிரசங்கம் செய்கிறார் என்று பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

புதிதாகப் பயிற்சி பெற்ற ஒவ்வொருவரும் முதல் குழுவை நடத்தும்போது, அனுபவமுள்ள ஒருவர் இடைக்கிடை வந்து உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் தனியாகப் பேச வேண்டும். வருவதற்கு வாகனம் இல்லை என்றால், குழுவினரின் சம்மதத்தோடு குரலைப் பதிவு செய்து அனுப்புகிறோம், கேட்டுச் சொல்லுங்கள். பதிவு யார் கைக்குப் போகும், எப்போது அழிக்கப்படும் என்று எழுத்தில் தாருங்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நடத்துநர் என்ற விதியைச் செலவைக் காட்டி ஒன்றாக்க வேண்டாம்.

வீட்டு வன்முறைக் கட்டளையில் வருகிறவர்களுக்கு வேறு குழு, வேறு பயிற்சி. அது தயாராகும் வரைக்கும் ஒரு நாள் சான்றிதழோடு வருகிறவர்களிடம் அவர்களை ஒப்படைக்காதீர்கள். மனைவியைக் குழுவுக்கு அழைக்கக் கூடாது என்பதை இப்போதே ஓர் அறிவுறுத்தலாக அனுப்புங்கள். அதற்கு நிதி தேவையில்லை, ஒரு பக்கக் கடிதம் போதும்.

கடைசியாக, இந்தக் கடிதத்துக்கு அடுத்த பயிற்சிக்கான விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்பு எழுத்தில், தமிழில் பதில் தாருங்கள். எந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பதிலை இதே போல எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவேன். சந்தித்துப் பேசுவதானாலும் வருகிறோம், நான் மட்டுமல்ல, எங்கள் பக்கத்து நடத்துநர்கள் எல்லோரும். பேசுவதற்கு முன் ஒரு நாள் ஹட்டனுக்கு வந்து ஒரு குழுவில் உட்கார்ந்து பாருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹட்டன் பகுதியில் தமிழில் குழு நடத்தும் ஒருத்தி